நூற்றுக்கு மூன்று

ஜூலை 8, திங்கள்

காலை 18. மதியம் 23. மாலை 20. சாரல்.

இந்த டைரியை அமலி கொடுத்தாள். உரக்கடையில் வருடப் பிறப்புக்குக் கொடுத்தது, இத்தனை நாள் அரிசி டிரம் மேல் கிடந்தது. மூன்று விஷயம் மட்டும் எழுத வேண்டுமாம். மூன்று வேளை வெப்பநிலை, மழை உண்டா இல்லையா, முன்னறைக்குள் யார் வந்து போனார்கள். "கதை எழுதிறாதீங்க, புண்ணியமாப் போகும்" என்றாள்.

முப்பத்தோரு வருடம் இந்த மலைக்கு அரசு பஸ் ஓட்டியவன் நான். தினமும் அறுபது பேரிடம் பேசிப் பழகிய வாய். ரிட்டயர் ஆகி ஒரு வருடமாகிறது. அமலி எட்டரைக்குப் பழ ஆராய்ச்சி நிலையத்துக்குக் கிளம்பிவிட்டால் மாலை ஆறு வரை எனக்குப் பேச்சுத் துணை குக்கர்தான். அதனால் கதையும் எழுதுவேன். அவள் கேட்கும்போது வெப்பநிலையை மட்டும் வாசித்துக் காட்டினால் போயிற்று.

ஜூலை 9, செவ்வாய்

காலை 18. மதியம் 24. மாலை 20. மழை, பிற்பகல் ஒரு மணி நேரம்.

முன்னறை காலி. சோபா, டிவி, மாதா படம் எல்லாம் படுக்கையறைக்குப் போய்விட்டன. அந்த இடத்தில் இப்போது இருநூறு பட்டர் புரூட் உட்கார்ந்திருக்கிறது. ஆய்வகக் குளிரில் இல்லாமல் சாதாரண வீட்டு அறையில் கனிய விட்டுப் பார்க்க வேண்டுமாம். வெண்ணெய்ப்பழம் என்று அமலி ஆபீஸ் காகிதத்தில் எழுதுவாள், மலையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

இந்தப் பழத்தின் குணம் இங்கே எல்லோருக்கும் தெரியும். பறிக்கும்போது கல் மாதிரி இருக்கும், பச்சைப் பசேல் என்று மின்னும். ஒரு வாரத்தில் கனியும்போதுதான் சங்கதி வெளியே வரும். காம்படியில் கறுக்கும், தோலில் புள்ளி விழும், உள்ளே பழுப்பாகிவிடும். எல்லாம் பூஞ்சை செய்கிற வேலை. மழைக்காலத்தில் டெல்லிக்கு லாரி போனால் பாதிப் பழத்தை அங்கேயே கொட்டிவிட்டு வருவார்கள். மருந்தில் முக்கி அனுப்பலாம் என்றால் வாங்குகிறவன் இப்போதெல்லாம் மருந்து பட்ட பழம் வேண்டாம் என்கிறான்.

இதற்குத்தான் அமலி மூன்று வருடமாக ஒரு பாக்டீரியாவைப் பிடித்து வைத்திருக்கிறாள். வேறெங்கும் இல்லை, எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி பக்கத்து மரத்தில். ஊரெல்லாம் அழுகினாலும் அந்த மரத்துப் பழம் மட்டும் தாக்குப் பிடிப்பதைப் பார்த்து, தோலைச் சுரண்டி எடுத்துப் போய் அறுபத்திரண்டு விதமான பாக்டீரியாவைப் பிரித்து, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். அது எப்படி வேலை செய்யும் என்று கேட்டேன்.

"பஸ் வந்து நிக்கிறதுக்குள்ள ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டு புடிப்பாங்கள்ல, அதான். காம்புல, தோல்ல எல்லா எடத்துலயும் நம்ம பாக்டீரியா முதல்ல போயி உக்காந்துக்கும். பின்னால பூஞ்சை வந்தா ஏற எடமிருக்காது. மீறி ஏறுனா சண்ட போட்டு எறக்கிவிடும்."

இதைவிட எனக்கு யாரும் தெளிவாகச் சொல்ல முடியாது.

நூறு பழத்தை வெறும் தண்ணீரில் மூன்று நிமிடம் முக்கி நீல நாடா கட்டிய பெட்டிகளில் வைத்தாள். நூறு பழத்தைப் பாக்டீரியா கலந்த தண்ணீரில் முக்கிச் சிவப்பு நாடாப் பெட்டிகளில் வைத்தாள். தண்ணீர் நீர்த்துப்போன கஞ்சி மாதிரி இருந்தது, வாடையும் அப்படித்தான். ஒவ்வொரு காம்பிலும் ஒன்று முதல் நூறு வரை எண் எழுதிய சீட்டை நூலால் கட்டினாள். மிச்சமாக ஒரு கூடை பழம் இருந்தது. அதைச் சமையலறைக்குத் தள்ளிவிட்டேன்.

கேனில் ஒட்டியிருந்த பெயரை அப்புறம்தான் பார்த்தேன். 1193.

என் வண்டி நம்பர். கடைசிப் பதினாலு வருடம் நான் ஓட்டிய வண்டி. "என்ன அமலி இது?" என்றேன். "எதோ ஒரு நம்பர் வெக்கணும்ல. மறக்காத நம்பரா வெச்சேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வாளியைக் கழுவினாள். ராத்திரி ரசத்தில் உப்பு தூக்கல். ஒன்றும் சொல்லாமல் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூலை 11, வியாழன்

காலை 17. மதியம் 23. மாலை 19. மழை இல்லை. அறைக்குள் வந்தவர்: கேபிள்காரர், டிவி எங்கே என்று கேட்டுவிட்டுப் போனார்.

இந்த வேலை எனக்குப் புதிது இல்லை. வண்டியை ஒப்படைக்கும்போது குறைப் பதிவேட்டில் அன்றைய குறைகளை எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். லைட் மங்கல் என்றால் மங்கல். பிரேக் இழுவை என்றால் இழுவை. ஒரு தடவை அப்படி எழுதி வைத்த பிரேக்கை ஒரு மெக்கானிக் திறந்துகூடப் பார்க்காமல் 'சரி செய்யப்பட்டது' என்று எழுதிவிட்டான். மறுநாள் ஏழாவது கொண்டை ஊசி வளைவில் மிதித்தால் பெடல் தரைக்குப் போகிறது. வண்டி நிறைய கல்யாண வீட்டு ஆட்கள். கியரைக் குறைத்து, உள் பக்கத்து மண் மேட்டில் சாத்தி நிறுத்தினேன். கீழே இறங்கிப் போய் அவன் சட்டையைப் பிடித்தேன். செய்யாததைச் செய்ததாக எழுதுகிறவனுக்குக் கை எப்படி வருகிறது என்று கேட்டேன். இன்றைக்கும் அந்தக் கோபம் போகவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

காலை 18. மதியம் 24. மாலை 20. தூறல்.

பழங்கள் கனியத் தொடங்கிவிட்டன. நீலத்தில் இரண்டு அழுகல். சிவப்பில் ஒன்றும் இல்லை. அமலி பெட்டி பெட்டியாகக் குனிந்து பார்த்துவிட்டு, நிமிரும்போது என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். அவ்வளவுதான். பெரிய சந்தோஷத்தையெல்லாம் அவள் புருவத்தோடு முடித்துக்கொள்வாள்.

இருபத்தேழு வருடமாக ஆய்வக உதவியாளர். எத்தனையோ அறிக்கைகளுக்குப் பழம் எண்ணிக் கொடுத்திருக்கிறாள். கீழே வேறு யார் யார் பெயரோ இருக்கும். இந்த அறிக்கையில் இவள் பெயரைத்தான் முதலில் போடுவேன் என்று நிலையத்து விஞ்ஞானி டாக்டர் குலோத்துங்கன் சொல்லியிருக்கிறாராம்.

ஜூலை 15, திங்கள்

காலை 18. மதியம் 24. மாலை 20. மழை, விட்டு விட்டு.

காலை பத்து மணிக்குச் சிவப்புப் பெட்டியில் 62-ஆம் எண். காம்பைச் சுற்றி ஒரு ரூபாய் அளவு கறுப்பு.

மூன்று வருடம் முன்பு வேறொரு பாக்டீரியா இப்படித்தான் ஏமாற்றியது. அன்றைக்கு அமலி பூண்டு உரிக்கிறேன் என்று உட்கார்ந்தவள், ஒரு மணி நேரம் ஒரு பல்கூட உரிக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் வாடினால் எனக்குச் சோறு இறங்காது.

62-ஐ எடுத்து ஒதுக்கி வைத்தேன். மிச்சக் கூடையிலிருந்து நல்ல பழம் ஒன்றில் சீட்டைக் கட்டிவிட்டேன். ஒன்றுதானே.

கொட்டை உள்ள எதையும் தூக்கி எறிய எனக்கு மனசு வராது. தொட்டிக்கு மேலே சரிவில் குழி தோண்டி வைத்தேன்.

ஜூலை 16, செவ்வாய்

காலை 17. மதியம் 23. மாலை 19. நல்ல மழை.

9, 34. இரண்டும் காம்படி. சரிவில் வைத்தேன்.

மாலை அமலி எண்ணினாள். நீலத்தில் இன்று மட்டும் ஏழு. சிவப்பில் பூஜ்யம். "என்னங்க இது, ஒண்ணுகூட இல்ல!" என்று என் கையைப் பிடித்தாள். ஈரக் கை, பினாயில் வாசனை. நான் வெப்பநிலையை வாசித்தேன்.

ஜூலை 17, புதன்

காலை 17. மதியம் 22. மாலை 19. மழை.

18, 71, 77. 18 தோலில் புள்ளி, மற்றவை காம்படி.

நீலப் பெட்டிகளை நான் தொடவே இல்லை. அந்த விஷயத்தில் நியாயமாகத்தான் நடந்துகொள்கிறேன்.

மாலை அமலி 71-ஐக் கையில் எடுத்து நூலைப் பார்த்தாள். "நானா இப்பிடி ரெட்ட முடிச்சுப் போட்டேன்?" என்றாள். பஸ் டாப்பில் மூட்டை கட்டிப் பழகிய முடிச்சு அது, என் விரல் தானாகப் போட்டுவிட்டது. "அன்னிக்கு அசதியா இருந்த" என்றேன். "இருக்கும்" என்றாள்.

ஜூலை 18, வியாழன்

பென்ஷன் வேலையாகத் திண்டுக்கல் போய்விட்டேன். வெப்பநிலை எழுதவில்லை. நான் இல்லாத நேரத்தில் அமலி அரை நாள் லீவில் வந்து எண்ணியிருக்கிறாள். சிவப்பில் மூன்று: 5, 50, 62.

62 நான் வைத்த மாற்றுப் பழம். அது 1193-ஐப் பார்த்ததே இல்லை. பாவம், அழுகத்தான் செய்யும். இதை அமலியிடம் எப்படிச் சொல்வது.

ஜூலை 19, வெள்ளி

காலை 18. மதியம் 23. மாலை 20. மழை இல்லை.

22, 40, 58, 90.

ஜூலை 20, சனி

காலை 18. மதியம் 24. மாலை 20. தூறல். அறைக்குள் வந்தவர்: டாக்டர் குலோத்துங்கன். சிவப்புப் பெட்டிகளைப் போட்டோ எடுத்தார்.

அவர் வருவதற்கு முன்: 13, 66, 81.

ஜூலை 21, ஞாயிறு

காலை 18. மதியம் 24. மாலை 20.

கால் வலி. பூசைக்குப் போகவில்லை. அமலி மட்டும் போனாள்.

29, 95. கால் வலி எல்லாம் ஒன்றும் இல்லை.

ஜூலை 22, திங்கள்

முடிவு: நீலம் நூற்றுக்கு நாற்பத்தாறு அழுகல். சிவப்பு நூற்றுக்கு மூன்று.

டாக்டர் எழுந்து நின்று கை தட்டினாராம். அமலி வந்து சொல்லிவிட்டு அடுக்களையில் பாடிக்கொண்டே வெங்காயம் நறுக்கினாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவள் மாதா பாட்டைத் தவிர வேறு பாட்டுப் பாடி நான் கேட்டதில்லை. நான் தொட்டிப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஜூலை 25, வியாழன்

அறையில் சோபா திரும்ப வந்துவிட்டது. இனி இந்த டைரிக்கு வேலை இல்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

வத்தலக்குண்டு பரீத் ராவுத்தர் வீடு தேடி வந்தார். மலையில் பாதித் தோட்டத்துப் பழம் அவர் கொட்டகை வழியாகத்தான் வெளியூர் போகிறது. "அமலிம்மா, டெல்லிக்கு ஒரு லோடு போடுவோம். எல்லாப் பழத்தையும் உங்க தண்ணியில முக்கித்தான் ஏத்துறது. நாப்பது தோட்டக்காரங்க சரின்னுட்டாங்க" என்றார். பிறகு தாடியைத் தடவிக்கொண்டு, "நூத்துக்கு மூணுதானம்மா?" என்று கேட்டார். "மூணுதான்" என்றாள் அமலி. அவர் என்னைப் பார்த்தார். நான் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஜூலை 31, புதன்

சொல்லிவிடலாம் என்று அமலியைக் கூப்பிட்டேன். வந்து நின்றாள். "மாவு புளிச்சிருச்சு" என்றேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

லோடு வியாழக்கிழமை கிளம்புகிறது. அமலி ஆய்வகத்தில் 1193-ஐப் பெரிய கேன்களில் வளர்த்து வைத்திருக்கிறாள். நாற்பது தோட்டத்து ஆட்களும் வழியில் பார்த்தால் அவளுக்கு வணக்கம் வைக்கிறார்கள். பழம் டெல்லியில் அழுகினால் இதே ஆட்கள் எந்த முகத்தோடு பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத்தான் தெரியாது. தெரியாமல் வைத்திருப்பது நான்.

ஆகஸ்ட் 7, புதன்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

காலையிலேயே அமலியோடு வத்தலக்குண்டு கொட்டகைக்குப் போனேன். பெரிய பெரிய தொட்டிகளில் கஞ்சித் தண்ணீர் மாதிரி 1193. பழத்தைக் கூடையோடு முக்கி எடுத்து மின்விசிறிக்குக் கீழே காய வைத்துக்கொண்டிருந்தார்கள். அமலி கையில் கடிகாரத்தோடு மூன்று மூன்று நிமிடமாக எண்ணிக்கொண்டிருந்தாள். புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது.

வெளியே லாரி நின்றது. எந்த வண்டியைப் பார்த்தாலும் நான் டயரைத் தட்டிப் பார்ப்பேன், பழக்கம். டிரைவர் ராஜபாளையத்துக்காரர், நல்ல மனிதர். "பிரேக் எப்பிடிப்பா?" என்றேன். "ஒர்க்‌ஷாப்புல சரின்னு எழுதிக் குடுத்துட்டாங்கண்ணே" என்றார். "நீ பாத்தியா?" என்றேன். "எழுதிக் குடுத்துருக்காங்கல்லண்ணே, அத நம்பித்தான ஓட்டுறோம்" என்றார்.

ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்த்தேன். பிரேக் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் ஏழாவது வளைவு ஞாபகம் வந்தது. அந்த மெக்கானிக்கின் சட்டையைப் பிடித்த கை என்னுடையதுதான். சிவப்புப் பெட்டியில் கை வைத்ததும் அதே கைதான்.

உள்ளே போனேன். "அமலி, மூணு இல்ல" என்றேன்.

"என்ன மூணு இல்ல?"

"நான் பதினஞ்சு எடுத்துட்டேன். நீ வர்றதுக்கு முந்தி. நல்ல பழத்துல சீட்ட மாத்திக் கட்டிட்டேன்."

கூடை தண்ணீருக்குள் இருந்தது. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று நிமிடம் ஆகும் வரை பேசவில்லை. ஆனதும் கூடையைத் தூக்கச் சொன்னாள், கையைக் கழுவினாள், துடைத்தாள். பிறகு என்னிடம் வந்து, "எந்த எந்த நம்பர்?" என்றாள்.

டைரி பையில்தான் இருந்தது. கொடுத்தேன். வெப்பநிலையோடு நான் நிற்கவில்லை என்பது அவளுக்கு அப்போது தெரிந்துவிட்டது. பழப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். ரசத்தில் உப்பு, புருவம், பாட்டு எல்லாவற்றையும். நான் எதிரே நின்றேன். பள்ளிக்கூடத்தில்கூட அப்படி நின்றதில்லை.

படித்து முடித்துப் பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டாள். "எடுத்தது பதினஞ்சு. அஞ்சு, அம்பது ரெண்டும் நெசமா அழுகுனது. அறுவத்திரண்ட ரெண்டு தடவ எண்ணக் கூடாது. பதினேழு" என்றாள். என்னிடம் சொல்லவில்லை, காகிதத்திடம் சொன்னாள்.

எழுந்து நேராகப் பரீத் ராவுத்தரிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன். "பாய், நான் சொன்ன கணக்கு தப்பு. மூணு இல்ல, பதினேழு. வீட்டுல வெச்ச சோதனை, என் பொறுப்பு. லோடு நிறுத்துறதுன்னா நிறுத்திருங்க" என்றாள்.

என் பெயரை அவள் சொல்லவில்லை. "பாய், அவ மேல தப்பில்ல, பழத்த மாத்துனது நான்" என்றேன். கொட்டகையே வேலையை நிறுத்திப் பார்த்தது.

ராவுத்தர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அமலிம்மா, நாப்பது வருசமா பழ யாவாரம் பண்றேன். மழைக்காலத்துல நூத்துக்கு மூணு அழுகுற பட்டர் புரூட்ட நான் கண்ணால பாத்ததில்ல. டெல்லிக்குன்னு உங்ககிட்ட சொன்னேனே ஒழிய, பெங்களூரோட நிறுத்திக்கன்னு டிரைவர்கிட்ட சொல்லி வெச்சிருந்தேன். உங்க பேச்ச தட்ட மாட்டாம தலையாட்டிட்டேன், உள்ளுக்குள்ள பயம். இப்ப பதினேழுங்கிறீங்க. தண்ணியில முக்குனதுல எம்புட்டு?"

"நாப்பத்தாறு. அது சரியான கணக்கு. அத அவரு தொடல."

"நாப்பத்தாறு பதினேழாச்சுன்னா அது பழம். அத நான் நம்புறேன்." வெளியே பார்த்துக் கத்தினார். "ஏப்பா, வண்டிய டெல்லிக்கே விடு!"

அமலி திரும்பிப் போய் அடுத்த கூடையை முக்கச் சொன்னாள். மாலை ஏழு மணி பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். அவள் ஜன்னல் பக்கம், நான் இந்தப் பக்கம். பதினான்கு வளைவுக்கும் ஒரு வார்த்தை இல்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பேசவில்லை. டாக்டரிடம் நேற்றே போய்ச் சொல்லிவிட்டாள் என்று அவள் போனில் தங்கையிடம் பேசியதிலிருந்து தெரிந்துகொண்டேன். அறிக்கையை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். முதலிலிருந்து சோதனை செய்ய வேண்டுமாம்.

நேற்று எடுத்துப்போன டைரியைச் சாப்பாட்டு மேஜையில் திருப்பி வைத்திருந்தாள். புரட்டிப் பார்த்தேன். நான் எழுதிய எண்களுக்கெல்லாம் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறாள். மற்ற வரிகளைத் தொடவில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும், 'அவள் முகம் வாடினால் எனக்குச் சோறு இறங்காது' என்று எழுதியிருந்தேனே, அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறாள்: 'இது காரணமில்லை.'

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பேசவில்லை. வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு. எனக்குப் பிடித்ததுதான் வைத்திருக்கிறாள். பரிமாறவில்லை, நானே போட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

பேசவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

மாதா விண்ணேற்பு. கோயிலில் கொடியேற்றமும் பூசையும். பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றோம்.

பூசை நடுவில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் கட்டம் வந்தது. இதில் தப்பிக்க வழி கிடையாது. அமலி இடது பக்கத்து அம்மாவுக்குக் கை கூப்பினாள். முன்னால் இருந்தவர்களுக்கு, பின்னால் இருந்தவர்களுக்கு, தூணோரம் தள்ளி நின்ற யாரோ ஒருவருக்குக்கூடக் கூப்பினாள். இனி ஆள் இல்லை என்று ஆனதும் என் பக்கம் திரும்பி, "சமாதானம்" என்றாள். தப்பு டிக்கெட் வைத்திருப்பவனுக்கு அபராதச் சீட்டு கிழித்துக் கொடுப்பது போல இருந்தது. ஆனாலும் எட்டு நாளில் முதல் வார்த்தை. நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 17, சனி

பரீத் ராவுத்தர் போன் செய்தார். டெல்லியில் பெட்டி திறந்து, கனிய வைத்து, எண்ணிப் பார்த்துவிட்டார்கள். அமலி பேசிவிட்டுப் போனை வைத்தாள். நான் வாசலில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தேன். வந்து நிலைப்படியில் நின்றாள்.

"நூத்துக்குப் பத்தொன்பது" என்றாள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். "நல்லதா, கெட்டதா?"

"போன வருசம் இதே மாசம் அம்பத்திரண்டு. நீங்களே சொல்லுங்க."

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. அவள் உட்கார்ந்தாள். மிளகைக் கையால் பரப்பிக்கொண்டே கேட்டாள். "உங்க வண்டி பதினாலு வருசத்துல எத்தன தடவ நடு வழியில நின்னுருக்கும்?"

"பதினோரு தடவ."

"அத எழுதுனீங்களா?"

"எல்லாத்தையும் எழுதுனேன். எழுதாம எப்பிடி?"

"எழுதுனதுனால அது கெட்ட வண்டியாயிருச்சா?"

"சீ, அது மாதிரி வண்டி உண்டா!"

"அப்பறம் என்னோடத மட்டும் ஏன் எழுத விடல? அது தோத்தாலும் நான் தாங்குவேன்னு உங்களுக்குத் தோணலயா? மூணு வருசம் முந்தி தோத்தேன். மறுநாள் காலையில எந்திரிச்சு அந்த மரத்தச் சுரண்டப் போனது யாரு?"

அவள் பூண்டு உரிக்காமல் உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் நான் ஞாபகம் வைத்திருந்திருக்கிறேன். மறுநாள் காலையை மறந்துவிட்டேன். "தப்புதான் அமலி" என்றேன். வேறு எதுவும் சேர்க்கவில்லை.

"தப்புதான்" என்றாள். மிளகைப் பரப்பி முடித்ததும், "காபி போடவா?" என்றாள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

மாதா பிறந்த நாள். அமலி தொட்டிக்கு மேலே சரிவில் நின்று என்னைக் கூப்பிட்டாள். மண்ணைப் பிளந்துகொண்டு பட்டர் புரூட் நாற்று முளைத்திருக்கிறது. வரிசையாக, ஒரு முழம் இடைவெளியில். நான் நட்டால் வரிசை தப்பாது.

எண்ணினாள். பதினொன்று வந்திருக்கிறது, நாலு இன்னும் வரவில்லை. "எது எந்த நம்பர்னு தெரியுமா?" என்றாள். கீழிருந்து வரிசையாகச் சொன்னேன். 62, 9, 34, 18. அவள் உள்ளே போய்ப் பழைய சீட்டுகளை எடுத்துவந்து ஒவ்வொரு நாற்றுக்கும் அதனதன் எண்ணைக் கட்டினாள். முளைக்காத இடத்தில் குச்சி நட்டு அதில் கட்டினாள். ஒற்றை முடிச்சு.

"இதுல ஒட்டுக் கட்டலாம்" என்றாள். "தாய் மரம் இருக்கே பக்கத்துலயே."

செப்டம்பர் 10, செவ்வாய்

காலை 17. மதியம் 23. மாலை 19. மழை, நாள் முழுக்க.

சோபாவும் டிவியும் மாதா படமும் மறுபடி படுக்கையறையில். இந்த முறை நானூறு பழம். இரவு பூட்டிவிட்டுச் சாவியை அமலி எடுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். ஆணியில் மாட்டிவிட்டு, "மூணு வேள வெப்பநிலை. மழை. யாரு வந்தாங்க" என்றாள். "கதையும் எழுதிக்குங்க, பரவால்ல."

செப்டம்பர் 17, செவ்வாய்

காலை 17. மதியம் 23. மாலை 19. தூறல். அறைக்குள் வந்தவர் யாரும் இல்லை.

காலை எட்டரை மணி. அமலி சாப்பாட்டுப் பையோடு படியில் இறங்கிவிட்டாள். சிவப்புப் பெட்டியில் 41-ஆம் எண், காம்பைச் சுற்றிக் கறுப்பு. வாசலுக்கு ஓடி, "அமலி, நாப்பத்தொண்ணு போயிருச்சு!" என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். பழத்தைக் கையில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகத்தை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒன்றும் ஆகவில்லை.

"எழுதிக்குங்க" என்றாள்.

எழுதிக்கொண்டேன்.